பழைய டிராக்டரைப் பழுது பார்த்து ஓட்டும் முறை

(பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரை)



கரும்பு வெட்டுக் காலத்தில் கச்சிராயபாளையம் ரோட்டிலோ, மூங்கில்துறைப்பட்டு ரோட்டிலோ கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சர்க்கரை ஆலைக்குப் போகிற வண்டிகளில் புதுசும் இருக்கும், பழசும் இருக்கும். அப்பா வாங்கி, மகன் ஓட்டி, இப்போது பேரன் கைக்கு வந்த வண்டிகளும் நம்ம கள்ளக்குறிச்சிப் பக்கம் உண்டு. "இரும்பு பழசானாலும் இரும்புதானே" என்று சொல்லுவாங்க. உண்மைதான். ஆனால் அந்த இரும்பு நடுவழியில் நின்று போனால், வெட்டின கரும்பு கொல்லையிலேயே காயும். காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். மலைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போனாலோ, நஷ்டம் பணத்தோடு நிற்காது.

ஆகவே பழைய டிராக்டரை எப்படிப் பழுது பார்ப்பது, எந்த மாற்றம் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது, எந்தக் கட்டத்தில் "இது போதும்" என்று விட்டுவிட வேண்டும் என்பதை இன்றைக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் வண்டிகள் வந்த வழி

நம் நாட்டில் டிராக்டர் தயாரிப்பு 1959-இல் ஐஷர் கம்பெனி பரீதாபாத்தில் முதல் வண்டியை வெளியே கொண்டு வந்ததிலிருந்து தொடங்குகிறது. அடுத்த ஆண்டு, 1960-இல், சென்னையில் டாபே கம்பெனி ஏற்பட்டது. நம் பக்கம் எல்லோரும் 'மேஸி' என்று கூப்பிடுகிற மேஸி பெர்குசன் வண்டி அங்கே தயாரானதுதான். 1974-இல் பஞ்சாபிலிருந்து ஸ்வராஜ் வந்தது. எச்.எம்.டி. வண்டியும் நம் ஊர்களில் ஓடியது. அந்த டிராக்டர் பிரிவை மூடுவதற்கு 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது.

இந்தக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், பழைய வண்டிக்கு உயிர் எஞ்சினில் மட்டும் இல்லை, உதிரி பாகத்திலும் இருக்கிறது. தயாரிப்பு தொடர்கிற மாடலுக்குப் பிஸ்டனும் பேரிங்கும் பக்கத்து டவுனிலேயே கிடைக்கும். தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு ஒரு சின்ன பாகத்துக்காக உழவுப் பருவத்தில் ஊர் ஊராய் அலைய வேண்டி வரும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்னால் "இதற்கு ஜாமான் எங்கே கிடைக்கும்?" என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

புகையைப் பார்த்தால் நோய் தெரியும்

வைத்தியர் நாடி பார்ப்பது போல நாம் சைலன்சர் புகையைப் பார்க்க வேண்டும்.

புகை கறுப்பாக வந்தால், உள்ளே போகிற டீசலுக்குத் தகுந்த காற்று இல்லை என்று அர்த்தம். ஏர் கிளீனர் அடைத்திருக்கலாம். நாசில் டீசலைப் பனி மாதிரி தூவாமல் சொட்டாக ஊற்றலாம். அல்லது வண்டியின் சக்திக்கு மீறின பாரம் ஏற்றியிருக்கலாம்.

புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே 'புஸ் புஸ்' என்று பலமாகப் புகை அடித்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன என்பதற்கு அது நல்ல அடையாளம்.

வெள்ளைப் புகை காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டால் கவலை இல்லை. எஞ்சின் சூடான பிறகும் வந்தால், டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் போய்த் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் மோர் கரைத்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. ஓட்டினால் கேஸ்கட் செலவோடு போக வேண்டியது கிராங்க், பேரிங் என்று போய்விடும்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

முதலாவது, காற்று வடிகட்டி. பழைய வண்டிகளில் அடியில் ஆயில் ஊற்றின கிண்ணம் இருக்கும். காற்றிலுள்ள தூசி அந்த ஆயிலில் படிந்துவிட்டு, சுத்தமான காற்று எஞ்சினுக்குப் போகும். நம் செம்மண் கொல்லையில் கோடை உழவு ஓட்டும்போது பறக்கிற புழுதியை நினைத்துப் பாருங்கள். அந்த மண் எஞ்சினுக்குள் போனால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்த மாதிரி லைனரை அரித்துவிடும். புழுதிக் காலத்தில் கிண்ணத்தை தினம் பாருங்கள். அடியில் சுமார் ஒரு சென்டிமீட்டர் கசடு தங்கினால் கொட்டிவிட்டு, டீசலில் கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். குறிக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சும், அதுவும் ஆபத்து.

இரண்டாவது, டீசல். கேனில் வாங்கி வந்த டீசலைக் குலுக்கி உடனே ஊற்றாதீர்கள். ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியில் தங்கினதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை வடிகட்டி ஊற்றுங்கள். வேலை முடிந்து சாயங்காலமே டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. பாதி டேங்க் காலியாக இருந்தால் ராத்திரிக் குளிரில் உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும்.

மூன்றாவது, காற்று அடைப்பு. டீசல் தீர்ந்துபோய் வண்டி நின்றால், மறுபடி டீசல் ஊற்றினாலும் சில சமயம் ஸ்டார்ட் ஆகாது. குழாயில் காற்று புகுந்ததுதான் காரணம். டீசல் பில்டரின் மேலே இருக்கிற திருகைக் கொஞ்சம் தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். நுரையும் குமிழியும் நின்று வெறும் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள திருகையும் அதே மாதிரி செய்யுங்கள். கடைசியில் நாசிலுக்குப் போகிற குழாய் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். தொட்டியில் ஆரம்பித்து நாசிலில் முடிக்க வேண்டும். வரிசை மாறினால் காற்று மறுபடியும் உள்ளேயே நிற்கும். ஒரு எச்சரிக்கை: நாசில் தூவுகிற டீசலுக்கு எதிரே கையை வைக்காதீர்கள். அந்த வேகத்துக்குத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படிப் பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நான்காவது, ரேடியேட்டர் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் அதையே ஊற்றிக்கொண்டு வந்தால், பாத்திரத்தில் படிகிற மாதிரி உள்ளே உப்புப் படிந்து எஞ்சின் சூடேறும். பிடித்து வைத்த மழைத் தண்ணீர் அல்லது நல்ல தண்ணீரில், கம்பெனி சொன்ன அளவுக்குக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

நாசில் சோதிப்பது, டீசல் பம்ப்பைச் சரி பார்ப்பது, எஞ்சின் பிரித்து வேலை செய்வது ஆகியவற்றுக்குக் கருவியும் பழக்கமும் வேண்டும். ஆனால் மெக்கானிக் என்ன செய்கிறார் என்று நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கிராங்க் தேய்ந்திருந்தால் லேத்தில் கடைவார்கள். 'பத்து', 'இருபது', 'முப்பது' என்று சொல்வது ஒரு அங்குலத்தை ஆயிரம் பாகமாக்கி அதில் எத்தனை பாகம் கடைந்திருக்கிறது என்ற கணக்கு. எந்த அளவுக்குக் கடைந்தார்களோ அதே அளவு பேரிங்தான் போட வேண்டும். பட்டறையில் கேட்டு, வண்டிக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை எஞ்சின் பிரிக்கும்போது அந்த ஒரு வரி உங்களுக்கு உதவும்.

எஞ்சின் வேலை முடிந்ததும் நேராகக் கரும்புப் பாரத்தில் கட்டிவிடாதீர்கள். முதல் 50 மணி நேரம் லேசான வேலை கொடுங்கள். புது ரிங் லைனரோடு பொருந்த வேண்டும். அந்த 50 மணி முடிந்ததும் ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பொருந்தும்போது உதிர்ந்த இரும்புத் தூள் அந்த ஆயிலில்தான் இருக்கும்.

மேஸி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்தப் பழைய மாடல்களில் கியர் பெட்டிக்கும், பின்னால் இருக்கிற டிபரன்ஷியலுக்கும், லிப்ட்டுக்கும் ஒரே ஆயில். கியர் பல் தேய்ந்த தூளும், சேடை ஓட்டும்போது சீல் வழியாகப் புகுந்த தண்ணீரும் நேராக லிப்ட் பம்ப்புக்குப் போகும். லிப்ட் மெதுவாகத் தூக்குகிறது, தூக்கினது தானாக இறங்குகிறது என்றால் முதலில் ஆயில் அளவையும் சுத்தத்தையும் பாருங்கள். உடனே பம்ப்பை மாற்ற வேண்டாம்.

மூன்று முனை இணைப்பின் ரகசியம்

கலப்பையை டிராக்டரோடு இணைக்கிற கீழ்க்கை இரண்டும், மேலே இருக்கிற டாப் லிங்க்கும் சேர்ந்ததுதான் மூன்று முனை இணைப்பு. வட அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த ஹாரி பெர்குசன் என்பவர் 1920-களில் இதை உருவாக்கினார். மேஸி பெர்குசன் என்ற பேரில் வருகிற பெர்குசன் அவர்தான். அதற்கு முன்னால் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கொழு ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டினால், சக்கரம் சுற்ற முடியாமல் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுகிறவர் மேலேயே கவிழ்ந்துவிடும்.

மூன்று முனை இணைப்பில், கலப்பை எதிலாவது மாட்டினால் டாப் லிங்க் வண்டியை முன்பக்கமாகத் தள்ளி, முன் சக்கரத்தை மண்ணோடு அழுத்தும். அதோடு, டாப் லிங்க் முனையில் இருக்கிற ஸ்பிரிங் மண்ணின் இறுக்கத்தை உணர்ந்து, கலப்பையைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுக்கும். கல்வராயன் மலைக் கொல்லையில் சாமைக்கும் மரவள்ளிக்கும் உழும்போது கல்லும் வேரும் மாட்டுவது சகஜம். அங்கே இந்த ஸ்பிரிங்தான் உயிர்க்காவல். சிலர் ஸ்பிரிங் ஒடிந்ததும் அந்த இடத்தில் இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். இது கூடவே கூடாது.

அதேபோல, சேற்றில் மாட்டின வண்டியை இழுக்கவோ மரத்தைப் பிடுங்கவோ சங்கிலியை டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலோ, பின் அச்சிலோ கட்டாதீர்கள். கீழே இருக்கிற இழுவைக் கட்டையில்தான் கட்ட வேண்டும். மேலே கட்டினால் முன்பக்கம் எழும்பிவிடும். அப்படிப் பின்னால் கவிழ ஒன்றரை நொடிகூட ஆகாது. கிளட்ச்சை மிதிக்க நினைப்பதற்குள் முடிந்துவிடும்.

செய்யக்கூடிய மாற்றங்கள்

பின் சக்கரத்துக்குக் கனம் சேர்ப்பது நல்ல மாற்றம். உழும்போது சக்கரம் சும்மா சுற்றினால் டீசலும் வீண், டயரும் வீண். எவ்வளவு வழுக்குகிறது என்று நீங்களே அளக்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு குறி வையுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே கொல்லையில் சக்கரம் 10 சுற்று போகிற தூரத்தை அளவுங்கள். அடுத்து கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்று தூரத்தை அளவுங்கள். முதல் தடவை 40 மீட்டர், உழும்போது 34 மீட்டர் என்றால் 6 மீட்டர் குறைந்திருக்கிறது. அதாவது நூற்றுக்கு 15 பங்கு வழுக்கல். இது வரைக்கும் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் ஏற்றலாம், அல்லது இரும்பு எடைகளை மாட்டலாம். முழுக்கத் தண்ணீர் ஏற்றினால் டயருக்கு அசைவு கொடுக்க இடம் இருக்காது.

சேடை ஓட்ட கேஜ் வீல் போடலாம். அதோடு தார் ரோட்டில் ஓட்டாதீர்கள். ரோடும் கெடும், அச்சுக்கும் கேடு. விளக்கு, இண்டிகேட்டர், வண்டிக்கும் பெட்டிக்கும் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஆகியவை கட்டாயம் வேண்டும். ராத்திரியில் கரும்புப் பாரத்தோடு விளக்கில்லாமல் நிற்கிற பெட்டி, பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் கண்ணுக்குச் சுவர் மாதிரிதான். கிட்டே வரும் வரைக்கும் தெரியாது.

செய்யவே கூடாதவை

ஒன்று, கவர்னரைத் திருகி எஞ்சின் வேகத்தைக் கூட்டுவது. "கொஞ்சம் வேகம் கூட்டிக் கொடுங்க, ரோட்டில் நல்லாப் போகும்" என்று கேட்கிறவர்கள் உண்டு. எஞ்சின் உள்ளே பிஸ்டனும் ராடும் தாங்குகிற இழுவை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகத்தை நூற்றுக்கு 20 பங்கு கூட்டினால் இழுவை 44 பங்கு கூடுகிறது. பழைய ராடு அதைத் தாங்காது. பிரேக்கும் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை.

இரண்டு, பி.டி.ஓ. தண்டின் மேல் இருக்கிற மூடியைக் கழற்றிப் போடுவது. அந்தத் தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 9 சுற்று. வேட்டி முனையோ, சேலைத் தலைப்போ, துண்டோ பட்டால் சுதாரிக்க நேரமே இல்லை. கதிரடிக்கிற மிஷின் பக்கம் பெண்களும் பிள்ளைகளும் நிற்கிற வேலையில் இதை மறக்கக் கூடாது.

மூன்று, சுவிட்ச் கெட்டுவிட்டது என்று செல்ஃப் மோட்டாரில் ஸ்குரூடிரைவர் வைத்து ஸ்டார்ட் செய்வது. தரையில் நின்றுகொண்டு இப்படிச் செய்யும்போது வண்டி கியரில் இருந்தால், பின் சக்கரம் நேராக நம் மேலேயே ஏறும். ஒரு சுவிட்ச்சை மிச்சம் பிடிக்கப் போய் உயிரைக் கொடுக்க வேண்டாம்.

நான்கு, கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டம் என்று சொல்லி ஊர்ப் பட்டறையில் பழைய குழாயை வளைத்து வெல்டிங் செய்வது. சுவீடன் நாட்டில் 1959 முதல் புது டிராக்டர்களுக்கு இந்தச் சட்டத்தைக் கட்டாயமாக்கினார்கள்; அதன்பிறகு அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஆனால் அது சோதித்துப் பார்த்த சட்டம். அதற்கு சீட் பெல்ட்டும் சேர்த்து வேண்டும். வெயிலுக்குப் போடுகிற கூரை அந்தச் சட்டம் ஆகாது.

மலைப் பாதையில்

கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலை, கரியாலூர் போகிற பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்தோ, நியூட்ரலில் போட்டோ விடாதீர்கள். வண்டியை எஞ்சின் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கில்லை, நான்கு மடங்கு.

ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் இணைக்கிற கொக்கியைப் போட்டுவிடுங்கள். கொல்லையில் திரும்ப வசதிக்காகக் கொக்கியை எடுத்தவர், மறந்துபோய் ரோட்டில் ஒரு பெடலை மட்டும் அழுத்தினால், வண்டி ஒரு பக்கமாகச் சுழன்று கவிழும். பழைய வண்டியில் அந்தக் கொக்கியே இருக்காது; முதல் வேலையாக அதைப் போடுங்கள். மட்கார்டில் யாரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, உட்கார வைக்காதீர்கள். டிராக்டரில் இருக்கிறது ஒரே ஓர் ஆள் சீட்தான்.

சரிவுக் கொல்லையும் சின்னச் சின்ன வயலும் உள்ள மலை ஊர்களில் பெரிய டிராக்டரைவிட பவர் டில்லரோ, மாட்டு ஏரோ மேல் என்பதையும் யோசியுங்கள். எல்லா நிலத்துக்கும் ஒரே கருவி பொருந்தாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பும் பதிவுச் சான்றில் உள்ள விவரமும் வேறாகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஞ்சினையே மாற்றுவதென்றால் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். 15 வருஷம் ஆன பிறகு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை. பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டியால் ஒரு விபத்து நடந்தால் ஈடு கட்ட வேண்டியது உங்கள் நிலம்தான்.

பழுது பார்ப்பதா, விற்பதா?

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். டேங்க்கை முழுக்க நிரப்பி, ஒரு ஏக்கர் உழுது, மறுபடி நிரப்பி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று எழுதுங்கள். ஒரு வருஷம் எழுதினால் போதும். உங்கள் வண்டி நல்ல நிலையில் குடித்ததைவிட மணிக்கு ஒரு லிட்டர் கூடக் குடிக்கிறது, வருஷத்துக்கு 600 மணி ஓடுகிறது என்று வையுங்கள். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 54,000 ரூபாய் புகையாகப் போகிறது. எஞ்சின் வேலைக்கு ஆகும் செலவை இந்தத் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பழுது பார்ப்பது லாபமா என்று தெரிந்துவிடும்.

எஞ்சின் மட்டும் தேய்ந்து, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் பழுது பாருங்கள். அச்சு உறையில் வெடிப்பு, கியர் பெட்டி தகராறு, ஜாமான் கிடைக்காத மாடல் என்று மூன்றும் சேர்ந்தால் விட்டுவிடுங்கள். வட்டிக்கு வாங்கி அந்த வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்ச நிலம் வைத்திருப்பவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையில் வாடகைக்கு இயந்திரம் எடுக்கலாம். சொந்த வண்டியைவிட அது மலிவாக முடியும் இடங்கள் உண்டு. டிராக்டர் வேலையை முறையாகக் கற்க விரும்புகிற இளைஞர்களுக்கு ஆந்திரத்தில் அனந்தப்பூர் பக்கம் கார்லதின்னே என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையம் இருக்கிறது.

ஆகவே விவசாயப் பெருமக்களே, அடுத்த உழவுக்கு முன்னால் நான்கு வேலை செய்யுங்கள்: ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழுவுங்கள், பிரேக் கொக்கியைப் போடுங்கள், பி.டி.ஓ. மூடியை மாட்டுங்கள், ஒரு நோட்டு வாங்கிக் கணக்கு எழுத ஆரம்பியுங்கள். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.